அண்ணாச்சிக்குக் கிடைத்த லீவு

துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனி கேம்ப்பில், வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ரூம்தான் சபை. ஏழு பேர் கட்டில்களில் உட்கார்ந்து பாடுவோம். நைட் டியூட்டி முடித்துப் பக்கத்து ரூமில் தூங்குகிறவர்களுக்காகக் குரலை அடக்கித்தான் பாட்டு. ஜெபம் நடத்துவது அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சூளையில் வேலை.

அந்த வருஷம் அவர் ஒரே பகுதியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தார். வேதாகமத்தில், ஆதிச் சபைகளில் ஒன்றான பிலதெல்பியாவுக்கு வந்த கடிதம். அந்தச் சபைக்குப் பலம் கொஞ்சம்தான். ஆனாலும் கர்த்தரை மறுதலிக்கவில்லை. அவர்களுக்கு யாரும் பூட்ட முடியாத ஒரு வாசலை அவர் திறந்து வைத்தார். அண்ணாச்சிக்கு அந்த வாசல் என்றால் லீவுதான். ஊரில் அவர் மனைவிக்குப் புற்றுநோய். மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் ஆபீஸில் "மாஃபி", கிடையாது என்றுவிட்டார்கள். உயிரோடு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய விண்ணப்பம்.

எங்கள் ரூமிலேயே இருந்த ஃபோர்மேன் ராமநாதபுரத்து இந்து. நாங்கள் ஜெபிக்கும்போது மேல் கட்டிலில் படுத்துப் பேப்பர் பார்ப்பார்.

"ஏப்பா, ஏழு பேரு கேட்டும் உங்க சாமி அசையலையே. எங்க ஆளுக்கு ஒரு தேங்கா ஒடைச்சுப் பாக்கவா?"

"ஒடைங்க, சட்னிக்கு ஆச்சு" என்பார் அண்ணாச்சி.

ஒரு வெள்ளிக்கிழமை பாட்டு நடுவில் ஃபோர்மேன் உள்ளே வந்து, "லீவு பாஸாயிருச்சு. சாயங்காலம் ஃப்ளைட்டு. கெளம்புங்க" என்றார். அண்ணாச்சி முழங்காலில் விழுந்து அழுதார்.

நன்மை கிடைத்தால் யாராவது எழுந்து சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். மூன்று வருஷமாக நான் வாய் திறந்ததில்லை. அண்ணாச்சி கேட்கும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு என்னவோ எழுந்துவிட்டேன்.

"கர்த்தர் அண்ணாச்சிக்கு வாசலத் தொறந்துட்டாரு. அக்காவுக்கும் சொகம் தருவாரு. ஸ்தோத்திரம்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஃபோர்மேன் கேலி எதுவும் பேசவில்லை. அதைக் கவனித்தேன், யோசிக்கவில்லை.

ஏர்போர்ட்டுக்கு வண்டி போன பிறகு அவர் என்னை வெளியே கூப்பிட்டார். "அந்தம்மா விடியக்காலையே போயிருச்சுப்பா. ஆபீஸுக்கு போன் வந்துச்சு. ஊரு வந்து சேர்ற வரைக்கும் சொல்லாதீங்கன்னு வீட்டுல கேட்டுக்கிட்டாங்க. நீ கை தட்ட வச்சப்ப நான் என்னத்தச் சொல்லுவேன்?"

பிரயாணம் போகிறவரிடம் சாவைச் சொல்ல மாட்டார்கள். அது எனக்கும் தெரிந்த வழக்கம்தான்.

நாற்பது நாள் கழித்து அண்ணாச்சி இளைத்துப்போய்த் திரும்பினார். "அண்ணாச்சி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"விடுலே. நீ பொய்யா சொன்ன?"

அவர் திரும்பிய வாரத்து வெள்ளிக்கிழமை வேறு பகுதி எடுப்பார் என்று நினைத்தேன். அதையேதான் எடுத்தார். வாசல் என்ற சொல் வந்த இடத்தில் நின்றுவிட்டார். விரலை அங்கேயே வைத்தபடி வேதத்தை என் மடிக்குத் தள்ளினார்.

"நீ வாசி."

வாசித்தேன். அடுத்த கட்டிலுக்குக் கேட்டிருந்தால் அதிகம். மேல் கட்டிலில் பேப்பர் சத்தம் நின்றிருந்தது. முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. அண்ணாச்சி மட்டும் மெதுவாக "ஆமென்" என்றார்.

அடுத்த வாரமும் என்னிடம்தான் கொடுத்தார்.