பாதி நடவில் கரையேற்றியவன்

நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் தெருவில் என் கை படாத காரியம் குறைவு. மழைக்கு மூழ்கிக் கிடந்த பள்ளத்தில் தலைச்சுமையாய் மண் கொட்டி மேடாக்கினேன். சுடுகாட்டுக்குப் பாதை விடமாட்டோம் என்று மேலத்தெருவில் மறித்தார்கள், மீறிப் பாதை வெட்டினேன். பள்ளிக்கூடக் கொட்டகைக்கு மூங்கில் சுமந்ததும் நான்தான். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அவ்வளவுதான். நாற்பது பேர் கொண்ட நடவு செட்டுக்கு நான் தலைவன். நான் கூப்பிட்டால் இறங்குவார்கள், நான் சொன்னால்தான் கரையேறுவார்கள்.

குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று அப்போது சட்டம் வந்திருந்தது. எங்கள் குடிசைகள் இருந்தது மிராசுதார் நிலத்தில். பத்தாவது முடித்த ஒரு பெண்ணும் அவள் வயதுப் பிள்ளைகள் ஐந்தாறு பேரும் சங்கம் வைத்து வீடு வீடாகப் பட்டா கேட்டு மனு எழுதினார்கள். பொடிசுகளை நம்பி மிராசுதாரைப் பகைப்பதா என்று தெருவே பயந்தது. முதல் கையெழுத்தை நான் போட்டேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் மையில் விரல் வைத்தார்கள்.

விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ. வருவார், குடிசைக்கு ஒருவராவது வாசலில் நிற்க வேண்டும் என்று தாலுகா ஆபீசில் சொல்லியிருந்தார்கள். என்றைக்கு என்று எங்களுக்குச் சொல்லவில்லை. மிராசுதாரின் ஏஜெண்டுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று விடிந்ததுமே ஆற்றுக்கு அக்கரையில் நடவு, ஆண் பெண் அத்தனை பேரும் வரவேண்டும் என்றான். வேலை என்றால் நான் யோசிப்பேனா? கிழவிகள் உட்படத் தெருவையே காலி செய்து கூட்டிப்போனேன். அந்தத் தப்பு என்னுடையது, ஒளிக்கமாட்டேன்.

வெயில் ஏறும் நேரம். அந்தப் பெண் ஈரப் பாவாடையோடு வரப்பில் ஓடி வந்தாள்.

"பெரியப்பா, ஆர்.ஐ. வந்துட்டாரு! குடிசையெல்லாம் மிராசுதாரு வைக்கல் கொட்டாய்ங்கன்னு ஏஜெண்டு சொல்றான், அவரும் எழுதறாரு. நாங்க சின்னப் புள்ளைங்களாம், எங்க பேச்சு செல்லாதாம். ஆளுங்கள அனுப்புங்க!"

"பறிச்ச நாத்து கிடக்கே, புள்ள. பாதியில ஏறினா நாளைக்கு எவன் வேலை குடுப்பான்?"

"நாளைக்கு வேலைக்கு எந்த வூட்டுலேருந்து கெளம்புவீங்க?"

நான் கிடந்த நாற்று முடிகளையே பார்த்தேன். நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி நிமிராமலே, "ஊருக்கெல்லாம் கேக்கற தொண்டை, இன்னைக்குப் பார்த்து அடைச்சுக்கிச்சு" என்றாள்.

எங்கள் பக்கம் பாதி நடவில் யாரும் கரையேறியதில்லை. சாவு விழுந்தால்கூட நாற்றைத் தீர்த்துவிட்டுத்தான் அழப்போவோம். கத்தினேன்: "போட்டுட்டு ஓடுங்க! அவங்கவங்க வாசல்ல போய் நில்லுங்க!"

சேற்றுக் காலோடு ஓடினார்கள். ஆற்றில் இடுப்பளவு தண்ணீர், நல்ல இழுப்பு. கிழவிகளை ஒவ்வொருவராகக் கைப்பிடித்து நானும் என் மனைவியும் இக்கரை சேர்த்தோம். கடைசியாக நாங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது ஜீப் போய்விட்டது. முந்தி ஓடியவர்களின் குடிசைகளுக்கு ஆள் உண்டு என்று எழுதியிருந்தார். மற்றவையெல்லாம் வைக்கோல் கொட்டகை. என்னுடையதும் கொட்டகைதான்.

பாதி நடவில் ஏறிய கோபத்தில் அந்தச் சம்பாவுக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். நாங்கள் நண்டும் நத்தையும் பொறுக்கித் தின்றோம். விடுபட்டவர்கள் என் வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். அந்தப் பெண் எங்களுக்காக மனுமேல் மனு எழுதினாள். ஆள் உண்டு என்று எழுதப்பட்டவர்களுக்குப் பட்டா வந்தது, எங்கள் மனு ஒன்றுக்கும் பதில் இல்லை. தை பிறக்குமுன் ஏஜெண்டின் ஆட்கள் என் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். இன்றுவரை ஆற்றுப் புறம்போக்கில் கிடக்கிறேன். அடுத்த வெள்ளத்துக்கு எங்கே போவேன், தெரியாது.

இப்போது சங்கத்துப் பிள்ளைகள் தெருமுனையில் கல் நடுகிறார்கள். போராடிய பிள்ளைகள் பெயர் ஒரு பக்கம், பட்டா வாங்கியவர்கள் பெயர் மறுபக்கம். என்னிடம் பட்டா இல்லை, கல்லில் எனக்கு இடமும் இல்லையாம். முன்னே நின்றது பிள்ளைகள்தான். யார் இல்லை என்றது? ஆனால் நடவை விட்டு ஓடச் சொன்ன வாய் என்னுடையது. கிழவிகளைக் கரை சேர்த்துப் பிந்தியதால் வீடு போனதும் எனக்குத்தான். என் பெயரையும் அந்தக் கல்லில் வெட்டுங்கள். நான் கண்ணால் பார்க்க வேண்டும்.