அண்ணிக்குக் கொடுத்த சலுகை

எழுபதுகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ராட்சதர்கள் கால்பந்து ஆடினார்கள். சர்ச்சுக்குப் போய் வந்து, கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டு, மேஜையைத் துடைத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். அப்பாவுக்கு ஞாயிறும் டூட்டி என்பதால் கேட்பாரில்லை. தெலுங்குச் சீமையில் இருந்த எங்கள் மௌலா அலி ரயில்வே காலனியில் மற்ற வீடுகளில் கேரம் ஆடினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இந்தக் கூத்து.

ஆட்டத்தைக் கண்டுபிடித்தது பெரிய அண்ணன். ஒர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்ட நட்டுகள்தாம் ஆட்டக்காரர்கள், அணிக்கு ஐந்து பேர். காய்ந்த பட்டாணி பந்து. பெரிய அண்ணனுக்கு ராட்சதர்கள், சின்ன அண்ணனுக்குப் பேய்கள், எனக்குப் பறக்கும் குதிரைகள். ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள் என்று அம்மா சத்தம் போட்டதால் பேய்கள் 'நெடுங்கையர்' என்று பெயரை மாற்றிக்கொண்டன. குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இரண்டு நட்டுகள் எதிரெதிரே நின்றால் இருவரும் பகடை உருட்ட வேண்டும். அதிகம் விழுந்தவருக்குப் பந்து. ஓர் ஆட்டம் ஜெயித்தால் ஒரு நட்டின் தலையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைக்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் பகடையில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். வருடக்கணக்காக ஆடியதில் எங்கள் நட்டுகளெல்லாம் அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டன. புதிதாக ஆட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தோற்றுத் தோற்றுச் சலித்து, கில்லி ஆடப் போய்விட்டார்கள்.

வருகிற ஆள் நிலைக்க வேண்டுமே என்று பெரிய அண்ணன் ஒரு சலுகை கொண்டுவந்தார். புள்ளி இல்லாத புதியவருக்குப் பகடையில் விழுந்தது போதாவிட்டால் இன்னொரு முறை உருட்டலாம். ஆனால் சலுகையில் ஜெயித்த ஆட்டத்துக்குப் புள்ளி கிடையாது. பழையவர்களுக்கு வயிறு எரியக் கூடாதல்லவா. எல்லோரும் "ஹவ், ஹவ்" என்று எங்கள் ஊர் ஹிந்தியில் ஆமாம் போட்டுத் தலையாட்டினோம். எங்களைவிட நியாயஸ்தர்கள் ஊரிலேயே இல்லை என்று எனக்கு நினைப்பு.

அந்தச் சமயத்தில்தான் பெரிய அண்ணனுக்குக் கல்யாணமாகி, அண்ணி பாளையங்கோட்டையிலிருந்து வந்தார். எங்கள் பேச்சில் தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றும் கலந்து வரும். அண்ணி பாதியைப் புரிந்துகொண்டு மீதிக்குச் சிரித்து வைப்பார். அம்மாவுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். அடுப்படிக்குள் வந்தால், "நீ உக்காரும்மா, புதுசா வந்த பொண்ணு" என்று மனையை இழுத்துப் போட்டுவிடுவார். வெங்காயம் உரிப்பதோடு சரி. கல்யாணமாகி இரண்டாவது கிறிஸ்துமஸும் வந்து போனது. அண்ணி அப்போதும் புதுசா வந்த பொண்ணுதான்.

மேஜையிலும் அதே கதை. அண்ணியின் அணிக்குக் கடல்கன்னிகள் என்று பெயர். மளமளவென்று ஜெயித்தார்கள், ஆனால் ஒரு தலையிலும் புள்ளி ஏறவில்லை. ஒரு ஞாயிறு அண்ணி தன் புருஷனையே தோற்கடித்துவிட்டு ஒரு நட்டை எடுத்து நீட்டினார். பெயிண்ட் டப்பாவை வைத்திருந்த சின்ன அண்ணன் மூடியைத் திறக்கவில்லை.

"நக்கோ அண்ணி, வேணாம். இது சலுகைல ஜெயிச்சது."

"அது சரி தம்பி. புள்ளி இல்லன்னு சலுகை தாறீய. சலுகை இருக்குன்னு புள்ளி தரமாட்டேங்கிய. அப்போ நான் என்னைக்குத்தான் பழைய ஆளாவேன்?"

மூளையைக் கசக்கிச் செய்த விதியில் சலுகை எப்போது முடியும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. "உன் நல்லதுக்குத்தானே..." என்று பெரிய அண்ணன் இழுத்தார். அண்ணியின் முகம் சிவந்துவிட்டது.

"எனக்கு ஒரு சலுகையும் வேண்டாம். தோத்தா தோத்துட்டுப் போறேன்" என்றவர் என் பக்கம் திரும்பினார். வீட்டிலேயே அதிகப் புள்ளி என் குதிரைகளுக்குத்தான். "வா பாப்பா. நீ விட்டுக்குடுத்தேன்னா பாத்துக்கோ."

விட்டுக்கொடுக்கிற வழக்கமே எனக்குக் கிடையாது. ஏழு கோல் போட்டேன். அண்ணி போட்டது ஒன்றே ஒன்று. அந்தக் குஷியில் அவர் மேஜையைத் தட்டியதில் பட்டாணி உருண்டு கீழே விழுந்தது. ஜெயித்தது நானாக இருக்க, தோற்றவர் இப்படிக் குதூகலித்தது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

நட்டுகளைக்கூட எடுத்து வைக்காமல் அண்ணி நேரே அடுப்படி வாசலில் போய் நின்றார். "அத்தே, அடுத்த ஞாயித்துக்கிழமை கறிக்குழம்பு நான் வைக்கேன்."

பெரிய அண்ணன் மேஜையிலிருந்தே, "எதுக்கு இதெல்லாம்? அம்மாவே வெக்கட்டும்" என்றார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா அவரைக் கண்டுகொள்ளவில்லை. அண்ணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, வை" என்றார்.

அடுத்த ஞாயிறு குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. அப்படி ஒரு உப்பு. நாங்கள் மூன்று பேரும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே நன்றாக இருக்கிறது என்று புளுகினோம். அண்ணி எங்களை லட்சியமே செய்யவில்லை. அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஏண்டி, உப்பு ஜாடியவே கவுத்துட்டியா? இத மனுஷன் தின்பானா?"

ஏண்டி போட்டு அம்மா திட்டுவது என்னை ஒருத்தியைத்தான். அண்ணியிடம் அதுவரை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. போச்சு, அழப்போகிறார் என்று நினைத்தேன். அண்ணிக்குக் கண் கலங்கத்தான் செய்தது, ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஆமாத்தே, கை கூடிப்போச்சு. அடுத்த வாரம் சரியா வைக்கேன்" என்று அம்மாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டார்.

திட்டு வாங்கிய ஒருவருக்கு எதற்கு இத்தனை சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை. உப்பு தலைக்கு ஏறிவிட்டது போலிருக்கிறது என்று சின்ன அண்ணனின் காதில் சொன்னேன்.