காயம் ஆறியவரும் வென்றுகொண்டிருந்தவரும்

மகள் வேலைக்காக அமெரிக்காவுக்குப் போன முதல் வருடம், நாங்கள் இருவரும் தொலைபேசியில் கதைத்தது மிகக் குறைவு. மனைவி உயிரோடு இருந்தவரை அவளோடு கதைப்பது மனைவியின் வேலை. கடைசியில் இரண்டு நிமிடம் என்னிடம் தருவாள். மனைவி இறந்த பிறகு அந்த இரண்டு நிமிடம்தான் எங்களுக்கு மிஞ்சியது.

"சுகமோ?"

"ஓம் அப்பா."

"அங்கை குளிரோ?"

"ஓம்."

பிறகு இருவரும் மூச்சு விடுவது கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பின்னால் ஒரே ஆரவாரம். அவளோடு வாழ்ந்த அமெரிக்கர் தன் ஊர் அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்க ஃபுட்பால். அவளும் பார்க்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னாள். அடுத்த நாளே சுவிட்சர்லாந்தின் டீட்டிகோனில் என் குசினி மேசையில் இருந்தபடி, அந்த ஆட்டங்களைக் காட்டும் சேவைக்குச் சந்தா கட்டினேன். முதல் மாதம் ஒன்றும் விளங்கவில்லை. நான் பொதி ஏற்றும் லாகரில், அதாவது சரக்குக் கிடங்கில், ஒரு போர்த்துக்கீசியரிடம் கேட்டேன். "கையாலே விளையாடுறதுக்கு ஏன் ஃபுட்பால் என்று பேர்?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். ஐம்பத்தெட்டு வயதில் தனியாகவே படித்தேன். பந்தை முதலில் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவெடுப்பவர்தான் குவாட்டர்பேக் என்று விளங்கியதும் ஆட்டம் பிடித்துப்போயிற்று.

அந்த அணியின் குவாட்டர்பேக் பழைய ஆள். பருவத்தின் நடுவில் அவருக்குத் தோள் விலகியது. பதிலுக்கு இறங்கிய இளைஞர் தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்றார். இப்போது பழையவருக்குக் காயம் ஆறிவிட்டது. யாரை இறக்குவது?

"பழையவரைத்தான்," என்றேன். "காயம் பட்டவன்ரை இடத்தைப் பறிக்கக் கூடாது."

"வெல்லுறவரை ஏனப்பா வெளியிலை இருத்த வேணும்?"

"அவன் லேசான அணிகளோடைதான் வெண்டவன். பொறுத்துப் பார்."

பின்னால் இருந்து அவர் ஆங்கிலத்தில் ஏதோ கத்துவார். "அவரும் உங்கடை கட்சிதான்," என்று மகள் சிரிப்பாள். என் தோள் சத்திரசிகிச்சைக்குப் பிறகு லாகரில் என்னையும் வேறு மூலைக்கு மாற்றியிருந்தார்கள். அதை அவளிடம் சொன்னதில்லை. ஆனால் பழையவருக்காக அரை மணித்தியாலம் வாதாட முடிந்தது. எங்கள் வாழ்க்கையில் நாங்கள் அவ்வளவு நேரம் கதைத்ததே இல்லை. ஞாயிறு எப்போது வரும் என்று திங்களே எண்ணத் தொடங்குவேன்.

பயிற்சியாளர் இளைஞரையே இறக்கிய ஒரு ஞாயிறு. இங்கே மாலை ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. இளைஞர் மூன்று முறை பந்தை எதிரணியின் கையிலேயே கொடுத்தார். இடைவேளைக்குச் சற்று முன்னர் பழையவர் இறங்கினார். இரண்டாவது எறிதலே மைதானத்தின் பாதியைத் தாண்டிப் போய்ப் புள்ளியானது. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இடைவேளை விட்டதும் அவளை அழைத்தேன்.

"பாத்தியோ? நான் என்ன சொன்னனான்?"

"ஓம் அப்பா. நல்ல ஆட்டம்."

"அந்த எறிதலைப் பாத்தியோ?"

 அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, நான் பாக்கேல்லை. மூண்டு கிழமையாப் பாக்கேல்லை. நான் அந்த வீட்டை விட்டு வந்திட்டன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. "அப்ப போன கிழமை என்னோடை சண்டை பிடிச்சனியே?"

"நீங்கள் எடுக்க முதல் செய்தியிலை வாசிச்சுப் போட்டு இருப்பன்."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்கள் அவ்வளவு சந்தோசமாக் கதைச்சனீங்கள். நிப்பாட்ட மனம் வரேல்லை."

மூன்று கிழமையாகப் பின்னால் அவருடைய சத்தம் இல்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. மனைவி என்றால் முதல் நிமிடத்திலேயே கேட்டிருப்பாள். "புது இடத்திலை கட்டில் இருக்கோ?" என்று கேட்டேன்.

"மெத்தை இருக்கு. கட்டில் வாங்கேல்லை."

"இஞ்சை வாவன். உன்ரை அறை அப்பிடியே கிடக்கு."

"வேலை இருக்கு அப்பா."

இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. திரையை அணைத்தேன். இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை. அங்கே யாரோ படியேறும் சத்தம் கேட்டது. கடைசியில் அவள்தான் "வைக்கிறன் அப்பா" என்றாள்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு அவளே எடுத்தாள். அங்கே காலை. அவரைப் பற்றி முதன்முறையாகக் கதைத்தாள். எப்படித் தொடங்கியது, எங்கே பிசகியது என்றெல்லாம் சொன்னாள். நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். இடையில் அழுதாள். "இருக்கிறன், சொல்லு" என்று மட்டும் சொன்னேன். பதினைந்து நிமிடத்தில் அவளுக்குச் சொல்ல இருந்தது முடிந்துவிட்டது. ஆட்டத்தைப் பற்றிக் கதைக்காமலே வைத்தோம்.

பிறகு லிம்மாட் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு, இருட்டிய பின் வீட்டுக்கு வந்து சோற்றைச் சூடாக்கினேன். ஏழு மணிக்கு ஆட்டத்தைப் போட்டேன். பழையவர்தான் இறங்கினார். மோசமாகத் தோற்றார்கள். இளைஞரை இறக்கியிருக்கலாமோ என்று தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.