பொருத்தனை வீட்டில் ஒரு பெண் முயல்

இரண்டாம் முறையும் சிகிச்சை பலிக்காமல் போன வாரத்தில், என் கணவர் ஓர் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே காதுகளை முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒரு முயல்குட்டி. "மனசு கொஞ்சம் மாறும்" என்றார். பிள்ளைக்குப் பதில் முயல். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சிவாஜிநகரில் விற்றவர், இது டச்சு ஜாதி, பொம்மை மாதிரி மடியிலேயே கிடக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தாராம்.

ஆறு மாதத்தில் அந்தப் பொம்மை வயதுக்கு வந்தது. கூண்டுக்குள் கை விட்டால் உறுமியது. முயல் உறுமும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போனால் முன்னங்கால்களால் குத்தியது. என் கணவரின் விரலில் கடித்தும் வைத்தது. "ஏமாத்திட்டானுங்க. இது டச்சே இல்ல, ஏதோ கிராஸ்" என்று விரலை உதறினார். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். காக்ஸ் டவுனில் எங்கள் பழங்காலத்து வீட்டில், என் அறைக்குள் யாரும் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. மாத்திரை போட்டாயா, நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். நான் ஒருநாளும் உறுமியதில்லை. அவள் எனக்கும் சேர்த்து உறுமினாள்.

மாடியில் குடியிருந்த ஐ.டி. பெண்ணிடம் பெரிய வெள்ளை முயல் ஒன்று இருந்தது. ஆண். யார் தூக்கினாலும் தலையணை போலக் கிடக்கும். அத்தைக்கு, என் மாமியாருக்கு, அதன்மேல் கொள்ளை ஆசை. "நல்ல ஜாதி அது. பாரு, எவ்ளோ சாது" என்பார்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "ஜாதி இல்ல ஆன்ட்டி. கருத்தடை ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடி சோஃபா பூரா யூரின் அடிச்சு வெச்சிருந்தான். என் காலையே சுத்திச் சுத்தி வருவான்."

அவள்தான் முயல் பார்க்கும் டாக்டரிடம் என்னை அழைத்துப்போனாள். டாக்டர் கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். "ஜாதியும் கொஞ்சம் காரணம்தாம்மா. பெருசுங்க நிதானமா இருக்கும், குட்டை ஜாதிங்க படபடன்னு இருக்கும். ஆனா இவ கோபம் ஹார்மோன். பொண்ணுங்களுக்கு அவங்க இடம்னா உயிரு. கர்ப்பப்பைய எடுத்துட்டா கொஞ்ச நாள்ல தணிஞ்சிடும்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோபம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். எடுக்காம விட்டா வயசாகும்போது அங்க கேன்சர் வரும். நிறைய பாத்திருக்கேன். அதுக்காகத்தான் சொல்றேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அத்தை ஜெபமாலையைக் கீழே வைத்தார். அவர் தங்கவயலில் வாழ்ந்தவர். சுரங்கத்துக்குள் இறங்கிய புருஷன் மேலே ஏறி வர வேண்டுமே என்று பொருத்தனை செய்துகொண்டே நாளைக் கழித்தவர். அவர் வேண்டியதெல்லாம் நடந்திருந்தது, என் விஷயத்தைத் தவிர. எனக்குப் பிள்ளை பிறந்தால் வேளாங்கண்ணிக்கு வெள்ளித் தொட்டில் கொண்டுவருவதாக மாதாவிடம் சொல்லி வைத்திருந்தார்.

"தொட்டில் பொருத்தனை நிக்கிற வீடும்மா இது. இங்க ஒரு வாயில்லா ஜீவனோட கர்ப்பப்பைய அறுப்பாங்களா? மாதா என்ன நெனப்பாங்க?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்தார். "மொதல்ல நமக்கு நல்லது நடக்கட்டும். அப்புறம் அதுக்குப் பண்ணிக்கலாம், இப்ப என்ன அவசரம்?"

ஆக, நான் கருவுற்றால் அவள் பிழைப்பாள். இந்தக் கணக்கை யோசித்து யோசித்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

ஒருநாள் கூடையில் அவளை வைத்துக்கொண்டு நானே கிளம்பினேன். அத்தை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "போறதுன்னா என்னத் தாண்டிப் போ" என்று அழுதார். முழங்கால் வலியோடு நவநாள் ஜெபத்துக்குக் கோயிலுக்கு நடந்துபோய் எனக்காக வேண்டுகிற மனுஷி. கெட்டவராக இருந்திருந்தால் தாண்டியிருப்பேன்.

அதன்பின் அவளுக்குப் பொய்க் கர்ப்பம் வர ஆரம்பித்தது. வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடுவாள். தன் நெஞ்சு ரோமத்தைத் தானே பிடுங்கி மெத்தை கட்டுவாள். வராத குட்டிகளுக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டு எங்களை நெருங்கவிட மாட்டாள். எனக்குப் பார்க்கவே முடியவில்லை. அத்தைக்கோ சந்தோஷம். "மாதா அடையாளம் காட்றாங்க" என்றார். அந்த ரோமத்தில் ஒரு பிடியை வெள்ளைத் துணியில் முடிந்து என் தலையணைக்கடியில் வைத்தார். அதன்மேல் தலை வைத்துத்தான் படுத்தேன். அந்த மாதமும் ஒன்றும் நடக்கவில்லை.

நான்காம் வருஷம் அவள் உறுமுவதை நிறுத்தினாள். கை விட்டால் விட்டபடி கிடந்தாள். அத்தை முதன்முதலாக அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "பாத்தியா, எவ்ளோ சாதுவாயிட்டா! கத்தி படாமலே" என்றார். என் கணவரும் குனிந்து தடவிக்கொடுத்தார். கோபக்காரிக்குக் கோபம் போவது நல்லதற்கில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால் யார் கேட்பது? மறுநாள் கூண்டின் தட்டில் ரத்தம் கிடந்தது.

இந்த முறை வாசற்படியில் யாரும் உட்காரவில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கர்ப்பப்பையில் கட்டிகள், நுரையீரலிலும் புள்ளி புள்ளியாக. "இப்போ கத்தி வெச்சுப் பிரயோஜனம் இல்லம்மா. வலி தெரியாமப் பாத்துக்கலாம்" என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், என் மடியில் போனாள். வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் புதைத்தோம். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உண்மையாகவே அழுதார். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். "இன்னொண்ணு வாங்கிக்கலாம். இந்தத் தடவ ஆணாப் பாத்து வாங்கலாம்."

"ஆணுன்னா சோஃபா பூரா அடிப்பான். அவனுக்கும் ஆபரேஷன் பண்ணணும்" என்றேன்.

அத்தை என் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தபடி, "அதுக்கென்னம்மா, தாராளமாப் பண்ணிக்கலாம். ஆம்பளைக்குப் பண்றதுல என்ன இருக்கு?" என்றார்.