முடிச்சுப் போடாத போர்வை

எனக்குக் கோபம் மூக்கு மேலே நிற்கும். சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். குழாயடியில் ஒருத்தி வரிசை தாண்டிக் குடத்தை வைத்தால் போதும், தெருமுனை வரைக்கும் என் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட நான் ஒரு கொக்கி ஊசியையும் நூல் உருண்டையையும் மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் யார்தான் நம்புவார்கள்? என் வீட்டுக்காரரே நம்பவில்லை. காய்ச்சல் கீய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஒரு நூல் மில் ஆபீசில் டைப்பிஸ்ட். அவருக்குப் பம்பு மோட்டார் செய்கிற பட்டறையில் லேத் வேலை. எங்கள் முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோய்விட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் என் தங்கச்சி ஆசை ஆசையாக ஒரு ரோஸ் கவுன் வாங்கி வந்து கொடுத்திருந்தாள். எங்கள் பக்கம் குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று துணி வாங்க மாட்டார்கள். பிறந்த பிறகுகூட முதலில் பழைய வேட்டித் துணியில்தான் சுற்றுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீடு வந்தவளைப் பார்க்க வந்த ஒரு சொந்தக்காரம்மா, என் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்: "துணி முன்னாடியே ஊட்டுக்கு வந்துபோட்டா இப்படித்தானுங்க ஆகும்."

"துணியாலயா கொழந்த போகும்? எந்திரிச்சுப் போங்க வெளிய!" என்று கத்திவிட்டேன். கத்தினேனே ஒழிய, அந்தப் பேச்சு உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கவுனை எடுத்துப் பீரோவின் அடித்தட்டில் தள்ளினேன். தங்கச்சி ரொம்ப நாளைக்கு என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

திரும்ப வேலைக்குப் போனபோது டைப் மிஷினில் கை ஓடவில்லை. மத்தியான இடைவேளையில் சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே மூடிவைப்பேன். பக்கத்து மேஜைக்காரி ஒரு கிறிஸ்தவப் பெண். எனக்கு ஒத்த வயசு. சாப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு குரோஷா பின்னுகிற கொக்கி ஊசியை எடுத்துவிடுவாள். ஒருநாள் நான் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தபோது, ஊசியை என் கையில் திணித்தாள். "அழுகறதுக்குக் கை எதுக்குங்க? கண்ணு அழுகட்டும், கை அதுபாட்டுக்கு வேல செய்யட்டும்" என்றாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

முதலில் ஒரு சுருக்கு. அதற்குள் ஊசியை விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் ஒரு கண்ணி. அந்தக் கண்ணிக்குள் மறுபடியும் விட்டு இழுத்தால் அடுத்த கண்ணி. அவ்வளவுதான் வித்தை. அந்தச் சங்கிலியை வளைத்து வட்டமாக்கி, நடு ஓட்டையைச் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டே போனால், கண் முன்னாலேயே ஒரு பூ விரிந்துவிட்டது. அட சாமி! அதுவரைக்கும் நூல் என்றால் எனக்கு இன்வாய்ஸில் அடிக்கிற ஒரு சொல். நூல் மில்லில் உட்கார்ந்துகொண்டு, நூலால் என்ன செய்யலாம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பாதிக்கு மேல் ஓட்டையாக இருக்கிற ஒன்று எப்படிப் பூவாகிறது என்று அன்றைக்கு மத்தியானம் முழுக்க அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு கடிதங்களைத் தப்புத் தப்பாக அடித்து மேனேஜரிடம் திட்டும் வாங்கினேன்.

ஆர்வக்கோளாறில் ஒரு காரியம் செய்தேன். மில்லில்தான் நூல் கொட்டிக் கிடக்கிறதே, கடைக்கு எதற்குப் போக வேண்டும்? சோதனைக்குப் பிரித்து மிச்சமான கோன் நூலைக் கேட்டு வாங்கிவந்து டிவிக்கு உறை போட்டேன். பனியனுக்குப் போகிற ஒற்றைப் புரி நூல் அது. அதன் முறுக்கு எந்தப் பக்கமோ, பின்னலும் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போனது. நான் எவ்வளவு நேராகப் போட்டாலும் உறை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. வீட்டுக்காரர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு செய்தி பார்த்தார். "ஏனுங்க, கழுத்துக்கு என்னாச்சு?" என்றேன். "உறை நேரா இருக்குது, டிவிதான் கோணலா இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்" என்றார். தலையணையைத் தூக்கி எறிந்தேன். பக்கத்து மேஜைக்காரியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல புரி சேர்த்து முறுக்கிய நூல்தான் இதற்கு நிற்கும் என்று சொல்லி, டவுன்ஹால் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள்.

மறுபடியும் எனக்கு வயிற்றில் கரு தங்கியது அதற்கு அடுத்த வருஷம். அப்போது துணைக்கு வந்து தங்கியவர் என் அத்தை, அதாவது மாமியார். சென்னிமலையில் பெட்ஷீட் நெய்கிற குடும்பம். கல்யாணத்துக்குப் போனால்கூட மணப்பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சேலையின் முந்தானையை விரலால் நிமிண்டிப் பார்க்கிற மனுஷி. இழை ஒன்று அறுந்தால் தறியை நிறுத்திவிட்டு, அதை எடுத்துக் கட்டின பிறகுதான் தண்ணீரே குடிப்பார்.

அந்த முறை நான் வெள்ளை நூலில் ஒரு போர்வை ஆரம்பித்திருந்தேன். குழந்தைக்குத்தான். துணியால் குழந்தை போகாது என்று சண்டை போட்டவள் அல்லவா, அந்த வீம்பில் ஆரம்பித்தேன். ஆனால் வாசலில் அத்தையின் செருப்புச் சத்தம் கேட்டாலே போர்வையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன். யாருக்குப் பயந்தேன்? அத்தைக்கா, அந்தச் சொந்தக்காரம்மாவின் நாக்குக்கா? இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

"என்ன அம்மணி ஒளிக்கற?"

"போர்வைங்க அத்தை. கொழந்தைக்கு." சொல்லிவிட்டுச் சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அத்தை போர்வையை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில் பிடித்தார். முன்னால், பின்னால், ஓரம் எல்லாம் பார்த்தார். விரலால் நிமிண்டினார். முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று.

"இதுல பாவு எது, ஊடை எது?"

நெடுக்கே ஓடுகிற நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. நெசவுக்காரர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தால்தான் துணி. "ரெண்டும் இல்லீங்க. ஒரே நூலுங்க" என்றேன்.

"ஒரே நூலா? சும்மா கத உடாத."

ஊசியைக் கண்ணியிலிருந்து உருவிவிட்டு உருண்டைப் பக்கத்து நூலைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். டுக் டுக் டுக் என்று ஒரு வரிசை முழுக்க அவிழ்ந்து வெறும் நூலாகி என் மடியில் விழுந்தது. அத்தையின் கை அவர் வாய்க்குப் போனது. "அட ஆண்டவனே! முடிச்சே இல்லியா? எதப் புடிச்சுட்டு நிக்குது இது?" ஆயுசு முழுக்கத் தறியில் உட்கார்ந்த மனுஷி, திருவிழாவில் ராட்டினத்தை முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளை மாதிரி நின்றார். "மறுக்கா போடு, பாக்கலாம்" என்றார். போட்டேன். "மறுக்கா பிரி" என்றார். பிரித்தேன்.

பிறகு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். "பாவும் இல்ல, ஊடையும் இல்ல. இழுத்தா நூலாப் போயிருது. அப்ப இது துணியில்ல கண்ணு. நூலு. நூலு ஊட்டுல இருந்தா ஒரு தப்புமில்ல. நீ பாட்டுக்குப் போடு. கடைசி முடிச்சு மட்டும் போட்றாத. முடிச்சுப் போட்டயின்னா துணியாயிரும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என்னைவிட அவருக்குத்தான் அந்தப் போர்வை மேல் ஆசை என்று அப்போதுதான் புரிந்தது. ஆசையையும் விட முடியாமல், பயத்தையும் விட முடியாமல், நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து வேலையை நிறுத்தும்போதெல்லாம் கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்தி வைப்பேன். ஊக்கு இருக்கிறதா என்று அத்தை தினமும் பார்ப்பார்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலையில், எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. பெண் குழந்தை. என் கைக்குள் அடங்கிவிடுகிற அளவுதான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். பெட்டிக்கு வெளியே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். நகம் இருந்தது, புருவம் இருந்தது, காது மடலில் பூனைமுடி இருந்தது. நானா செய்தேன் இதையெல்லாம்? ஒரு பூ போடுவதற்கே எத்தனை தடவை பிரித்திருப்பேன்! இவளை எந்தக் கை எந்த ஊசியால் போட்டது என்று நினைக்க நினைக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார். குழந்தையின் உள்ளங்கையில் தன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "பிடி இன்னும் சரியா வரலை. நாளாக ஆகச் சரியாகலாம். பார்த்துக்கிட்டே இருங்க" என்றார். ஆகலாம் என்றார். ஆகும் என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதே வேலைதான். வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்ததும் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அவள் உள்ளங்கையில் விரலை வைத்துப் பார்ப்பார். அத்தை எண்ணெய் தேய்த்து ஒவ்வொரு விரலாக நீவிவிடுவார். கிலுகிலுப்பையைக் கையில் வைத்தால் பொத்தென்று விழும். வைப்போம், விழும். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, "இன்னும் கை புடிக்கலீங்களா?" என்றாள். கதவை அவள் முகத்துக்கு நேராகச் சாத்தினேன். அப்படியே கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, விம்மி விம்மி அழுதேன்.

பழைய வேட்டியில் சுற்றுகிற காலம் முடிந்ததும், "இனி முடிச்சுப் போட்டுரு அம்மணி, கொழந்தைக்குப் போத்தலாம்" என்றார் அத்தை.

"போத்தலாமுங்க. ஆனா முடிச்சு வேண்டாமுங்க. அவ கை புடிக்கட்டும். அப்புறம் போட்டுக்கறேன்."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்த பேச்சு என் காதிலேயே விழுந்தது. துணியாலயா கொழந்த போகும் என்று ஊர்ச் சண்டை போட்டவள், இப்போது ஒரு முடிச்சுக்குப் பயந்து நடுங்குகிறாள். அத்தை என்னைப் பார்த்தார். கேலி செய்யவில்லை. ஊக்கை எடுத்து அவரே கண்ணியில் மாட்டினார்.

முடிக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அதனால் வரிசைக்கு மேல் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனேன். குழந்தை தூங்கும்போது அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, அவள் மேல் கிடக்கிற போர்வையின் ஓரத்திலேயே பின்னுவேன். போர்வை கட்டிலைத் தாண்டித் தரையில் புரண்டது. "கொழந்தைக்குப் போர்வையா, லைன் வீட்டுக்கே பந்தலா?" என்றார் வீட்டுக்காரர். சிரிக்கிற மாதிரி சொன்னாலும், அவர் கண் குழந்தையின் கையில்தான் இருந்தது.

தை முடிந்து, மாசியும் பாதி போயிருந்தது. ஒரு மத்தியானம் அத்தை குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, பாயில் படுக்கப் போட்டிருந்தார். நான் பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்குகிற வாசம் வந்தது. ஊசியை அப்படியே உருவிப் போட்டுவிட்டு, ஊக்கு மாட்ட மறந்து, அடுப்படிக்கு ஓடினேன். பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால் ஒரு சத்தம். டுக் டுக் டுக்.

போர்வை அவிழ்ந்துகொண்டிருந்தது. "அய்யய்யோ, என்ற வரிசையெல்லாம் போச்சே!" என்று பாய்ந்தேன். அத்தை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். கண்ணால் காட்டினார்.

நூல் குழந்தையின் கைக்குள் இருந்தது. எண்ணெய் மினுங்குகிற அந்தக் குட்டிக் கை மூடியிருந்தது. அஞ்சு விரலும் மூடியிருந்தது. அவள் கையை உதறினாள். டுக் டுக். நூல் நழுவவில்லை. மறுபடியும் உதறினாள். வாயைக் குவித்துக்கொண்டு, யாரோ பதிலுக்கு இழுக்கிற மாதிரி, பலங்கொண்ட மட்டும் இழுத்தாள்.

"உடு. பிரிக்கட்டும்" என்றார் அத்தை. "எல்லாத்தையும் பிரிக்கட்டும், என்ற சாமி."

ஒரு இழை அறுந்தால் பொறுக்காத மனுஷி, நூல் பிஞ்சு விரலை அறுத்துவிடாதபடி தன் விரலால் தளர்த்திக் கொடுத்துக்கொண்டே, போர்வையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். நான் ராத்திரி பகலாகப் போட்ட வரிசைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். பால் அடுப்படியில் ஏடு கட்டி ஆறிப்போயிற்று.

களைத்துப்போய் அவள் தூங்கினாள். அப்போதும் கை விடவில்லை. அவர் பட்டறையிலிருந்து வரும் வரைக்கும் நாங்கள் அந்த நூலைத் தொடவே இல்லை. அவர் வந்து பார்த்தார். கிரீஸ் கையோடு வாசற்படியிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம், அவள் எந்த இடத்தில் இழுப்பதை நிறுத்தினாளோ அந்தக் கண்ணியிலேயே முடிச்சுப் போட்டேன். ஓரம் கோணலாகத்தான் இருந்தது. பீரோவின் அடித்தட்டிலிருந்து ரோஸ் கவுனையும் எடுத்தேன். அதை அவளுக்குப் போட்டுவிட வரச்சொல்லி, முக்குக் கடை டெலிபோனில் தங்கச்சியைக் கூப்பிட்டேன்.