ரிட்டர்னில் இல்லாத தென்னந்தோப்பு

சமீபத்தில் ஒரு பேங்க் மேனேஜர் என் வீட்டுக்காரரை ஏழையாக்கிவிட்டார். அதுவும் எத்தனை மரியாதையாக!

விஷயம் இதுதான். தையல் மெஷின்கள் போட்டு நைட்டி தைக்கும் யூனிட் ஆரம்பிக்க வேண்டும் என்று என் மகளுக்கு ஆசை. கடனுக்கு அப்பா ஜாமீன். அவருடைய இன்கம்டாக்ஸ் ரிட்டர்னைப் புரட்டிய மேனேஜர், "ஏனுங்க, இதைப் பார்த்தா நாங்க உங்களுக்குத்தான் ஏதாச்சும் ஒதவி பண்ணோணுமாட்ட இருக்குதுங்க" என்றார்.

மகளுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

இத்தனைக்கும் சர்க்கார் வேலையிலிருந்து ரிடையரானபோது வந்த பணத்தில் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கிப் போட்டவர் இவர். பென்ஷனையும் டெபாசிட் வட்டியையும்விடத் தோப்பு வருமானம்தான் அதிகம். ரிட்டர்னில் அதைப் பற்றி மூச்சே இல்லை. ஏன்?

"விவசாய வருமானத்துக்குத்தான் வரியே இல்லியே… அப்புறம் எதுக்கு வலியப் போய்ச் சொல்லோணும்?" என்பது இவர் கட்சி.

ஆடிட்டருக்கு வேறு தண்டம் அழுவானேன் என்று தானே எழுதி, தன்னையே மெச்சிக்கொண்டும் வந்தார். அன்று சாயங்காலமே அவரை ஆடிட்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம், நானும் மகளும்.

"தோப்புக்கு வரி கெடையாதுங்க. ஆனாக் காட்டியே ஆகோணும். அதையும் கூட்டிப் பார்த்துத்தானுங்க உங்க மத்த வருமானத்துக்கு எந்த ரேட்ல வரின்னு முடிவாகும்" என்றார் ஆடிட்டர்.

"அப்படின்னா… வரி ஏறுமுங்களா?"

"ஏறுமுங்க."

இவர் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்!

"உடும்மா. நான் எங்காச்சும் வேலைக்கே போயிக்கறேன்" என்றாள் மகள். எனக்கு வந்ததே கோபம்…

"ஏனுங்க, பெத்த புள்ளைக்கு ஆகாத தோப்பு நமக்கெதுக்குங்க?" என்று ஆடிட்டர் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

திருத்திய ரிட்டர்ன் போயிற்று. கூடுதல் வரி, அதற்கு வட்டி — கட்டும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஆனால் கடன் கிடைத்துவிட்டது. போன வாரம் பூஜை போட்டு மெஷின்களும் ஓட ஆரம்பித்துவிட்டன. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

வரி இல்லையென்றால் சொல்லவும் வேண்டாம் என்றுதானே நம்மில் பாதிப்பேர் நினைக்கிறோம்? சொல்லாமல் விட்ட வருமானம், அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறதே!

இவரா? யூனிட் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பொங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார் — "பாருங்க, ரெண்டே வருசத்துல எம் புள்ளையும் இன்கம்டாக்ஸ் கட்டுவா!"