டீச்சர் ஏன் திரும்பிப் போனாள்?

போன வாரம் என் மகள் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு கொதித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு நாவலைத் தொடராக எடுத்திருக்கிறார்களாம். அவளும் அவள் சிநேகிதிகளும் வாட்ஸப்பில் குழு வைத்து அதைக் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். “எதுக்கும்மா அவ அவன மன்னிக்கணும்? ஒரு காரணம் வேணாமா? நீ புஸ்தகம் படிச்சிருக்கல்ல, சொல்லு” என்றாள். ரசம் பொங்குகிற மாதிரி பாவனை செய்து அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும். ஏனென்று சொல்கிறேன், செத்த நேரம் இருங்கள்.

ரசத்தில் கொத்தமல்லி கிள்ளிப் போட்டதும் கம்பெனி வேன் ஞாபகம் வந்துவிட்டது. பதினெட்டுப் பேரின் சாப்பாட்டு டப்பாவும் புதுத்துணியின் கஞ்சி வாடையும் கலந்து ஒரு மணம் அதற்கு. திண்டுக்கல்லிலிருந்து எரியோடு போகிற வழியில் இருந்த தையல் கம்பெனி அது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது; செக்கிங்கில் வேலை. சட்டையைத் திருப்பி, பிசிறு வெட்டி, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்றைக்கும் யாராவது எதிரே வந்தால் முதலில் காலர் தையலைத்தான் பார்க்கிறேன், முகம் அப்புறம்தான்.

என் மேசைக்கு எதிரே ஜோதியக்கா. அவருக்கு இடது மணிக்கட்டு சரியாக மடங்காது, அதனால் மெஷினில் உட்கார முடியாது. “விழுந்துட்டேன்” என்பார். யாரும் நம்பியதில்லை. கொடைரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருந்த புருஷனை விட்டு, மகளோடு திண்டுக்கல்லில் அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த நாளில் டிவியில் ஒரு தொடர். பத்திரிகையில் வந்த பழைய தொடர்கதையை எடுத்திருந்தார்கள். ராத்திரி தன்னை வீட்டு வாசலில் தள்ளிக் கதவைச் சாத்திய புருஷனை விட்டு வந்த டீச்சர் ஒருத்தியின் கதை. காலையில் வேன் கிளம்பியதும் விசாரணை ஆரம்பித்துவிடும். அவ ஏன் அழுதா, ஏன் அம்மாகிட்ட சொல்லல, இம்புட்டு படிச்சவளுக்கு இது தெரியாதா! டிரைவர் அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார். அங்கே எனக்குத் தனி மரியாதை, ஏனென்றால் அந்தக் கதையைப் புத்தகமாகப் படித்தவள் நான் ஒருத்திதான். முழுசாகப் படிக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. நூலகத்துப் பிரதியில் கடைசி முப்பது பக்கம் இல்லை. அதைச் சொன்னால் மரியாதை போய்விடுமே, நான் ஏன் சொல்கிறேன்?

ஒரு வெள்ளிக்கிழமை தொடரில் டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போய் விளக்கேற்றினாள். மறுநாள் வேனில் கூச்சல். பேகம்பூர் சபுராக்கா, “யா அல்லா, அவனுட்ட என்னத்தக் கண்டான்னு போனா? ஒரு காரணம் சொல்லணும்ல?” என்று முன்சீட்டைத் தட்டினார்.

மத்தியானம் சாப்பிடும்போது ஜோதியக்கா தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார். “புஸ்தகத்துல அவ ஏன் திரும்பிப் போறா?”

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “அவன் மாறிட்டான்க்கா. அது அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு டப்பாவை மூடினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை ஜோதியக்கா வேனுக்கு வரவில்லை. புதன்கிழமை சபுராக்காதான் சொன்னார்: “கொடைரோட்டுக்கே போயிட்டாளாம் புள்ள. ரெண்டு வாரமா அவன் ஆள் விட்டுக்கிட்டே இருந்தானாம்.”

அன்றைக்கு நான் கறையோடு எத்தனை சட்டையைத் தள்ளிவிட்டேனோ தெரியாது. கண்ணை மூடினால் அந்த மணிக்கட்டு வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் கடையெல்லாம் அலைந்தேன். மூன்றாவது கடையில் முழுப் பிரதி கிடைத்தது. நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் படித்தேன். படித்து முடித்ததும் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கொடைரோடு பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே திராட்சைப் பந்தல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்காவுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்பதைத் தவிர மனசில் வேறு எதுவும் இல்லை.

லாரிப் பட்டறையை விசாரித்துப் போனேன்; அதை ஒட்டித்தான் வீடு. அக்கா வெளியே வந்தார். முகத்தையும் கையையும் அவசரமாகப் பார்த்தேன். புதுக்காயம் எதுவும் இல்லை. உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்தார். வெளியே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். கடைசிப் பக்கம் நான் படிக்கவேயில்ல. இப்பத்தான் படிச்சேன். அவன் மாறிட்டான்னு அவ போகல. அவளோட சர்டிபிகேட்டெல்லாம் அந்த வீட்டுல மாட்டிக்கிச்சு. அத எடுக்கத்தான் போனா. எடுத்துக்கிட்டு அன்னைக்கே பஸ் ஏறிட்டா.”

ஜோதியக்கா சிரித்தார். “இதச் சொல்லவா இம்புட்டு தூரம் வந்த? நீ சொன்னதக் கேட்டா நான் வந்தேன்னு நெனச்ச? கிறுக்குப் புள்ள.”

“பின்ன எதுக்குக்கா வந்தீங்க?”

சுத்தியல் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம். மறுபடி அடிக்க ஆரம்பித்த பிறகுதான் அக்கா மூச்சு விட்டார்.

“பீரோவுலயா பூட்டி வச்சிருந்தான்?” என்றார் மெல்ல.

“எதக்கா?”

“அந்த சர்டிபிகேட்ட.”

“புஸ்தகத்துல போடலக்கா” என்றேன். இந்தத் தடவை அது உண்மை.

அதற்குப் பிறகு மூன்று மாதம். வேன் எந்த நிறுத்தத்தில் நின்றாலும் கழுத்தை நீட்டிப் பார்ப்பேன். போன் செய்தால் அவன் எடுத்துவிடுவானோ என்று பயம். பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஒரு காலையில் ஜோதியக்கா வேனில் ஏறினார். கொஞ்சம் இளைத்திருந்தார். அந்த வீட்டிலேயே விட்டுவந்திருந்த மகளின் டிசி, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முந்தின வாரமே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாராம். இது பின்னால்தான் தெரிந்தது. அதற்காகவேதான் போனாரா, நம்பிப் போய் ஏமாந்து திரும்பினாரா, எனக்குத் தெரியாது. டீச்சரை அத்தனை கேள்வி கேட்ட வேன் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. சபுராக்கா நகர்ந்து இடம் விட்டார். “வா, உக்காரு. இன்னைக்குச் சோத்துக்கு என்ன வெஞ்சனம்?”

கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆகிறது. அந்த ஷெட்டில் இப்போது கோழித்தீவனம் அடுக்கியிருக்கிறார்கள். சபுராக்கா மகனோடு வெளியூர் போய்விட்டார். ஜோதியக்கா திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி. என்னிடம் இருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. எரியோட்டு ரோட்டில் பெண்கள் இப்போது தனித்தனி ஸ்கூட்டரில், ஹெல்மெட்டுக்குள் இயர்போனை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். யாரோ ஒரு பெண்ணுக்கு நியாயம் கேட்டுப் பதினெட்டுப் பேர் ஒன்றாகச் சண்டை போட்ட இரைச்சல் மட்டும் அந்த ரோட்டில் இல்லை.